குடைக்கம்பிப் பாலம்

ராதாகிருஷ்ணனுக்குத் தப்பு பொறுக்காது. தன்னுடைய தப்பு மட்டுமல்ல, உலகத்தில் யார் செய்த தப்பும் பொறுக்காது. ரயில்வே டிராயிங் ஆபீசில் வருஷக்கணக்காகப் பாலங்களின் படங்களை வரைந்து வரைந்து அவர் கண்ணே ஓர் அளவுகோலாகிவிட்டிருந்தது. மாமனார் செத்துக் கிடந்தபோது பாடையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இடது பக்க மூங்கில் கொஞ்சம் இறங்கியிருக்கு, அவுத்துக் கட்டுங்க" என்று சொன்ன மனிதர். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு மூங்கிலைப் பார்த்தார்கள். இறங்கித்தான் இருந்தது. அதற்காக அவர் மனைவி இராஜம்மா அவரை மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது.

ஆபீசில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஜப்பான்காரர்கள் மலாயாவுக்குள் வந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அரிசி இல்லை, துணி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பொழுது மட்டும் கொள்ளை கொள்ளையாகக் கிடந்தது. அந்தப் பொழுதைத் தள்ளுவதற்காகச் சில பேர் சேர்ந்து ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தார்கள். தொடங்கி வைத்தவர் பழனியப்பன், ரயில்வேயில் பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா. வெள்ளைக்காரர்கள் கோலாலம்பூரை விட்டு ஓடிய வாரம் தெருவெல்லாம் சாமான்கள் இறைந்து கிடந்தபோது, ஊரே அரிசி மூட்டையும் தையல் மிஷினும் தூக்கிக்கொண்டு போனது. பழனியப்பன் ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி அன்று பேசிய பேச்சு அக்கம்பக்கம் முழுவதும் கேட்டது.

அந்தச் சிப்பாய்களை வைத்துத்தான் மேசைப் போர். மேசை மேல் மணலைக் கொட்டி, இரண்டு பக்கமும் படையை நிறுத்தி, குச்சியால் தூரம் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்கள். சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய்கள் எல்லோருக்கும் புகைக்கரி பூசியாகிவிட்டது, வீண் வம்பு வேண்டாமென்று. வடக்குப் படை, தெற்குப் படை என்றுதான் பெயர். எந்த நாட்டுப் படை என்று யாரும் கேட்கக்கூடாது.

ஆட்டம் நடப்பது ஜெய்னுலாபுதீனுடைய துணிக்கடையில். துணியில்லாத துணிக்கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து பாசார் ஓரத்தில் சின்னதாகத் தொடங்கி நல்ல பேர் எடுத்த மனிதர், இப்போது காலியான அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். துணி அளக்கும் நீள மேசை சும்மாதானே கிடக்கிறது என்று போர்க்களமாக விட்டுக்கொடுத்துவிட்டார். கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு.

விளையாட்டை விடச் சுவையானது அதையொட்டி நடக்கிற போட்டி. மாதம் ஒருமுறை எல்லோரும் மேசைக்கு வேண்டிய ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு மாதம் மலை, ஒரு மாதம் கிராமம், ஒரு மாதம் கோட்டை. நிபந்தனை ஒன்றே ஒன்று: தின்ன உதவுகிற, எரிக்க உதவுகிற, உடுக்க உதவுகிற எந்தப் பொருளையும் தொடக்கூடாது. இதை வைத்தது ஆட்டக்காரர்கள் அல்ல, அவர்களுடைய மனைவிமார்கள். ஆகவே களிமண்ணில் மலை எழுந்தது, துருப்பிடித்த கம்பியில் மரம் முளைத்தது, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஏரியானது. எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் கைதூக்கி முதலிடம் யாருக்கு என்று முடிவு செய்வார்கள்.

ராதாகிருஷ்ணன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

மலைப் போட்டிக்கு அவர் பத்துமலைப் பாறையை அப்படியே வடித்துக்கொண்டு வந்தார். சரிவு துல்லியம், அதனால் ஒரு சிப்பாயும் அதன் மேல் நிற்கவில்லை, வைக்க வைக்க வழுக்கி விழுந்தான். ஜெய்னுலாபுதீனின் மலை குளத்துப் படிக்கட்டு மாதிரி இருந்தது. சிப்பாய்கள் சௌகரியமாக நின்றார்கள், பரிசு அதற்குப் போனது. கிராமப் போட்டிக்கு ராதாகிருஷ்ணன் ரயில்வே குவாட்டர்ஸை ஜன்னல் கம்பி முதற்கொண்டு செய்துவந்தார். வாசலில் சிப்பாய் நுழையவில்லை, ஏனென்றால் அவன் காலடியில் ஈயத்தட்டு இருக்கிறதே. அதற்கும் பாய்க்குத்தான் முதலிடம்.

"ராதா, ஒங்க வீடு நெசமான வீடு மாதிரியே இருக்குதுலா" என்றார் ஜெய்னுலாபுதீன். "அதான் கொறை."

ராதாகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து இராஜம்மாவிடம் பொருமினார். "பாக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல அந்தக் கூட்டத்துல. துணி கிழிக்கிறவன், கணக்கு எழுதுறவன். வேலை தெரிஞ்ச ஒருத்தன் வந்து பாக்கட்டும், அப்பத் தெரியும்."

அந்த வருஷத் தொடக்கத்தில் பெரிய பெரிய விமானங்கள் வந்து செந்தூல் ரயில் பட்டறை மேல் குண்டு போட்டுவிட்டுப் போயின. அதன் பிறகு ஜப்பான்காரர்களுக்குக் கண்டவர் மேலெல்லாம் சந்தேகம். யார் சேதி கொடுத்தது, யார் படம் வரைந்து அனுப்பியது என்று கெம்பித்தாய் என்கிற ராணுவப் போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. செந்தூலில் தந்தி ஆபீஸ்காரர் ஒருவர் டெங்கிலில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போக ஒரு காகிதத்தில் வழி வரைந்து சட்டைப்பையில் வைத்திருந்தார். வழியில் ஓர் ஆற்றுப்பாலமும் வரைந்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் சட்டை மட்டும் திரும்பி வந்தது.

ஆபீசில் இதைக் கிசுகிசுத்தபோது எல்லோரும் தங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ராதாகிருஷ்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "படம் ஸ்கேல்படி வரைஞ்சிருந்தாரா?"

இப்படிப்பட்ட மனிதரிடம் போய், அடுத்த போட்டிக்குப் பாலம் என்று அறிவித்தார் பழனியப்பன்.

அதோடு நிற்கவில்லை. நாலு பேர் கூடினாலே அனுமதி வாங்க வேண்டிய காலம் அது. பழனியப்பன் அந்த அனுமதியை ரயில்வேயின் ஜப்பானிய இன்ஜினியர் நக்காத்தாவிடம் வாங்கியிருந்தார். எங்கள் ஆட்கள் போர்க்கலை பழகுகிறார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வாங்கியது. நக்காத்தா அதை நம்பி மகிழ்ந்துபோய், இந்த மாதம் நானே வந்து பார்க்கிறேன், பரிசையும் நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

மற்றவர்கள் முகம் வெளுத்தது. ராதாகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஜினியர்! பாலம் தெரிந்தவன்! ஜப்பான்காரன் என்பதெல்லாம் அவருக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த சில வாரங்கள் அவர் வீட்டில் இருந்தாரே தவிர வீட்டுக்காரராக இல்லை. குவாட்டர்ஸ் முழுக்க அலைந்து உடைந்த குடைகளை வாங்கி வந்தார். போதாமல், உடையாத ஒரு குடையையும் உடைத்தார். அது இராஜம்மாவுடையது. குடைக்கம்பிகளை வெட்டி, பால் டின் தகரத்தைக் கத்தரித்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். கையெல்லாம் கொப்புளம்.

"மழை பேஞ்சா நா இந்தப் பாலத்தைத் தலையில வச்சிட்டுத்தான் பாசாருக்குப் போகணும்" என்றாள் இராஜம்மா.

"பாலத்துக்கு மேல தண்ணி நிக்காது. வடிகால் விட்டிருக்கேன்" என்றார் அவர், நிஜமாகவே.

எந்தப் பாலத்தைச் செய்யலாம் என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாது என்பதுதான் சரி. டிராயிங் ஆபீஸ்காரருக்கு இல்லாத பாலத்தைச் செய்ய வராது. ஏதாவது ஒரு பாலம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இந்த ஆற்றின் மேல், இந்த அளவில், இந்தப் படத்தில் உள்ள பாலம் என்றுதான் உண்டு. கிள்ளான் ஆற்றைக் கடக்கிற ரயில் பாலத்தின் படம் அவருக்கு மனப்பாடம். நடுத்தூணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கண் உள்ள இரும்புப் பாலம். தள்ளுகிற பாரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு இரண்டு குடைக்கம்பியைச் சேர்த்துத் தடிமனாக வைத்தார். இழுபடுகிற சாய்வுக் கம்பிகளுக்கு ஒற்றைக் கம்பி போதும், மெலிதாக வைத்தார். தூணின் அகலம், தண்டவாளத்தின் இடைவெளி, ஆணிகள், ஓரத்தில் ஆட்கள் ஒதுங்கி நிற்கும் சின்ன மேடை வரை ஒன்றும் விடவில்லை. முடித்துவிட்டுக் கட்டை விரலால் நடுவில் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. அப்படியொரு சந்தோஷம் அவர் முகத்தில் வந்து இராஜம்மா பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட.

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பாலத்தின் மேல் தலையணை உறையை மாட்டி, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனையைத் தாங்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். முச்சந்தியில் துப்பாக்கியோடு நின்ற ஜப்பானியச் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைத்தார்கள். குனியும்போது பாலம் சாயாமல் பார்த்துக்கொண்டார் ராதாகிருஷ்ணன்.

கடையில் எல்லோரும் வந்திருந்தார்கள். இராஜம்மா பின்கட்டுக்குப் போய், மரவள்ளிக்கிழங்கு அடை தட்டிக்கொண்டிருந்த பாயின் மனைவி சௌதாவோடு சேர்ந்துகொண்டாள். மேசையில் மணல் பரப்பி நடுவில் ஆறு போட்டிருந்தது. ஜெய்னுலாபுதீன் துணி பேல்களைக் கட்டும் இரும்புப் பட்டையை வளைத்து ஒரு பாலம் செய்திருந்தார். இரண்டு முனையிலும் அத்தர் பாட்டில் மூடிகளை ஸ்தூபி மாதிரி நிறுத்தியிருந்தார். பழனியப்பனுடையது செங்கல் துண்டு. மற்றவர்களுடையவற்றைப் பாலம் என்று சொல்ல மனசு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும்.

ராதாகிருஷ்ணன் தலையணை உறையை உருவினார்.

யாரும் பேசவில்லை. அவர் எதிர்பார்த்த மௌனம்தான். கை கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இது..." என்றார் பழனியப்பன். "இது நம்ம கிள்ளான் ஆத்துப் பாலம்லா?"

"ஆமா கிராணி சார்! கண்டுபிடிச்சிட்டீங்களே! ஆணியக்கூட எண்ணித்தான் வச்சிருக்கேன்."

"எண்ணி வச்சிருக்கியா? அடப்பாவி மனுசா!" பழனியப்பனுக்குக் குரல் கீச்சிட்டது. "செந்தூல்ல குண்டு விழுந்திருக்கு. பாலம் பாலமாத் தேடிக்கிட்டு இருக்கான் வெள்ளைக்காரன். நீ அளவு தப்பாம ஒரு பாலத்தைச் செஞ்சு ஜப்பான்காரன் கையில குடுக்கப் போறியா? தந்தி ஆபீஸ்காரன் கதி தெரியாதா ஒனக்கு?"

அப்போதுதான் ராதாகிருஷ்ணனுக்கு உறைத்தது. மெதுவாக, கால் வழியாக ஏறி வந்தது. அந்தத் தந்தி ஆபீஸ்காரர் வரைந்தது ஒரு கோடு. இது முழுப் பாலம். இதைத் தெரு வழியாக, அந்தத் துப்பாக்கிக்காரன் மூக்குக்குக் கீழே, தான் மட்டுமல்ல இராஜம்மாவும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு அந்த நேரம் பார்த்து வீட்டில் அவசர வேலைகள் ஞாபகம் வந்தன. பாலங்களை மேசையிலேயே விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பின்கட்டு வழியாக நழுவினார்கள். மூன்று பேர்தான் மிச்சம்: ராதாகிருஷ்ணன், பழனியப்பன், ஜெய்னுலாபுதீன்.

"ஒளிச்சிடலாம்" என்றார் ராதாகிருஷ்ணன்.

"எங்க ஒளிக்க? அலமாரியெல்லாம் காலியா பல்லைக் காட்டிட்டு நிக்குது" என்றார் ஜெய்னுலாபுதீன்.

"அதோட நீ பாலம் செய்றேன்னு அவன்கிட்ட நாந்தானே சொல்லித் தொலைச்சேன்" என்றார் பழனியப்பன். "நம்ம டிராயிங் ஆபீஸ் ஆளு பிரமாதமாச் செய்வான், வந்து பாருங்கன்னு. இல்லேன்னா எங்கேன்னு கேப்பான். வீட்டுக்கே ஆள் அனுப்புவான்."

ஜெய்னுலாபுதீன் பாலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ராதா, இதத் தப்பாக்குங்க."

"என்னது?"

"தப்பான பாலமா ஆக்கிடுங்க. உலகத்துல எங்கயும் இல்லாத பாலம். சீக்கிரம்."

பழனியப்பன் பேல் பட்டை வெட்டும் கத்தரியை எடுத்து ராதாகிருஷ்ணன் கையில் திணித்தார். அவர் கத்தரியோடு பாலத்தின் மேல் குனிந்தார். எங்கே வெட்டுவது? இங்கே வெட்டினால் பாரம் அந்தப் பக்கம் போகும். அதற்கு அங்கே ஒரு கம்பி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மூன்று கண்ணாக மாற்றிவிட்டால் வேறு பாலமாகிவிடும், ஆனால் தூணை நகர்த்த வேண்டும், உயரத்தைக் குறைக்கலாம்...

"என்ன முணுமுணுக்கிறீங்க?"

"மூணு கண்ணா வச்சா உயரம் எவ்வளவு வேணும்னு கணக்குப் போடுறேன் பாய்."

"யா அல்லாஹ்! தப்பாக்கச் சொன்னா இந்த மனுசன் தப்பையும் சரியாச் செய்யப் பாக்கிறாரே!"

தெரு முனையில் மோட்டார் கார் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் மோட்டார் காரில் வருகிற ஆள் யாராக இருக்க முடியும்?

பின்கட்டிலிருந்து இராஜம்மா வந்தாள். நழுவிப் போனவர்களின் பேச்சிலிருந்து அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கத்தரியைப் பிடித்தபடி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தின் ஒரு கண்ணை இரண்டு கையாலும் பிடித்து, துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினாள். குடைக்கம்பிகள் பற்றுவிட்டுத் தெறித்தன. ஒரு கம்பி அவள் உள்ளங்கையைக் கிழித்தது.

ராதாகிருஷ்ணனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அடி வாங்கியவர் போடும் சத்தம்.

பிய்ந்த கண்ணை இராஜம்மா முந்தானையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜெய்னுலாபுதீன் மிச்சமிருந்த பேல் பட்டை ஒன்றை அந்த வெற்றிடத்தில் பலகை மாதிரி போட்டார். தன் பாலத்திலிருந்து அத்தர் மூடிகளைப் பிடுங்கி மற்றக் கண்ணின் தலையில் வரிசையாக ஒட்டினார். பழனியப்பன் வாசலுக்கு ஓடிக் குனிந்து நின்றார்.

நக்காத்தா குள்ளமானவன், கண்ணாடி போட்டவன். ஆபீசில் அதிகம் பேசமாட்டான். இங்கிலீஷ் புத்தகங்களில் படித்தவனாதலால் இங்கிலீஷ் தெரியும். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுவான். மேசையைச் சுற்றி வந்தான். பழனியப்பனின் செங்கலைப் பார்த்துத் தலையாட்டினான். ஜெய்னுலாபுதீனின் வளைவுப் பாலத்தின் மேல் ஒரு சிப்பாயை நடத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறகு குடைக்கம்பிப் பாலத்தின் முன்னால் வந்து நின்றான். சிரிப்பு நின்றது.

"நீ என் டிராயிங் ஆபீஸ்."

"யெஸ் சார்."

"இது எந்தப் பாலம்?"

"எந்தப் பாலமும் இல்ல சார். மனசுல தோணினது."

நக்காத்தா குனிந்து, முறுக்கப்படாமல் மிஞ்சிய கண்ணைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தான். அத்தர் மூடிகளை அவன் பார்க்கவில்லை. கம்பிகளை வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே போனான். தடித்தது, மெலிந்தது, தடித்தது, மெலிந்தது. ராதாகிருஷ்ணனுக்கு அவன் விரல் தன் விலா எலும்பில் ஊர்கிற மாதிரி இருந்தது.

"இந்தப் பக்கம் நல்ல வேலை. தெரிந்தவன் வேலை" என்றான். "அந்தப் பக்கம் முட்டாள் வேலை. ஏன்?"



"இந்தச் சாய்ந்த கம்பிகளை ஏன் மெலிதாக வைத்தாய்?"

அதற்கு ராதாகிருஷ்ணனிடம் பதில் இருந்தது. வாழ்நாள் முழுக்க யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. கேட்டுவிட்டான், அதுவும் ஓர் இன்ஜினியர். பதிலைச் சொன்னால், இவ்வளவு தெரிந்தவன் பக்கத்தில் ஏன் இரும்புப் பட்டையைப் போட்டாய், இங்கே முன்பு என்ன இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்து கெம்பித்தாய் வரும். பின்கட்டில் இராஜம்மா கிழிந்த கையோடு நிற்கிறாள்.

"பாக்க அழகா இருக்கும்னு வச்சேன் சார்" என்றார்.

பளீரென்று ஓர் அறை விழுந்தது. ராதாகிருஷ்ணன் தடுமாறி, மறுபடி நேராக நின்றார். உண்மையைச் சொன்னால் அறை அவ்வளவாக வலிக்கவில்லை. நாக்கில் வந்த பதிலை விழுங்கியதுதான் தொண்டையில் நின்றது.

நக்காத்தா கோபமாகவும் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி மெலிந்த கம்பி ஒன்றைத் தொட்டுக் காட்டினான். "கவனி. இந்தச் சாய்ந்த கம்பியைப் பாரம் நெருக்கித் தள்ளுகிறது. தள்ளுகிறது. ஆகவே இது தடித்து இருக்க வேண்டும். நீ வைத்தது தப்பு."

சொல்லிவிட்டு ராதாகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்தான்.

தப்பு! அவன் சொன்னதுதான் தப்பு. அந்தக் கம்பியைப் பாரம் தள்ளவில்லை, இழுக்கிறது. டிராயிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துகொள்கிற சங்கதி. ராதாகிருஷ்ணனின் நாக்கு துறுதுறுத்தது. உதடுகூடக் கொஞ்சம் திறந்துவிட்டது. அப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கண்களைப் பார்த்தார். அவை இமைக்கவில்லை. இவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் தப்பாகச் சொல்லியிருக்கிறான். திருத்துகிறானா என்று பார்க்கிறான்.

அலமாரி ஓரத்தில் நின்ற ஜெய்னுலாபுதீன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாலமும் தெரியாது, கம்பியும் தெரியாது. ஆனால் ராதாகிருஷ்ணனைத் தெரியும். இந்த மனுசன் வாயைத் திறக்கப்போகிறான், எல்லோரும் தொலைந்தோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"யெஸ் சார்" என்றார் ராதாகிருஷ்ணன்.

"புரிந்ததா?"

"புரிஞ்சது சார். தள்ளுது சார்."

"திருப்பிச் சொல்."

"சாய்ந்த கம்பியப் பாரம் தள்ளுது சார். தடிமனா இருக்கணும். நான் வச்சது தப்பு."

நக்காத்தா இன்னும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டான். பரிசு பாய்க்குத்தான் என்று சொன்னான், ஏனென்றால் அந்தப் பாலத்தின் மேல் படை நடக்கிறது. பழனியப்பன் பக்கம் திரும்பி, அழகுக்காகக் கம்பி வைக்கிறவன் தன் டிராயிங் ஆபீசில் இருக்கக்கூடாது, நாளை முதல் சரக்குக் கொட்டகையில் மூட்டை எண்ணட்டும் என்றான். பழனியப்பன் இடுப்பு ஒடியக் குனிந்தார். பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

ஜெய்னுலாபுதீன் அப்படியே அலமாரித் தட்டில் உட்கார்ந்துவிட்டார். "பொழச்சோம்" என்றார். "ராதா, ஒங்களுக்கு வாழ்க்கைல மொத தடவையா வாய மூடத் தெரிஞ்சிருச்சு. அல்ஹம்துலில்லாஹ்!"

ராதாகிருஷ்ணனுக்கு அது காதில் விழவில்லை. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"இழுவை பாய்!" என்று கத்தினார். "தள்ளல் இல்ல, இழுவை! அந்தக் கம்பிய இழுக்குதுய்யா! அவன் சொன்னது தப்பு, நான் வச்சதுதான்..."

வாசலில் இன்னும் மோட்டார் கிளம்பியிருக்கவில்லை. பழனியப்பன் திகைத்துத் திரும்பினார். அதற்குள் பின்கட்டுக் கதவருகே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற இராஜம்மா பாய்ந்து வந்து புருஷனின் வாயைக் கையால் பொத்தி அவரைச் சுவரோடு சேர்த்து அழுத்தினாள். கிழிந்த உள்ளங்கையின் ரத்தம் அவர் மோவாயில் வழிந்தது. அவர் அந்தக் கைக்குள்ளேயும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் விடவில்லை. வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. சத்தம் தேய்ந்து, தெரு முனையில் திரும்பி, முழுவதும் அடங்கும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு எடுத்தாள்.

அவர் முகம் வீங்கி, மோவாயெல்லாம் சிவப்பாக, அடி வாங்கின பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார். அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது, தன்னையும் சேர்த்துச் சாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாரே என்று. அதைவிட அதிகமாக வேறொன்றும் வந்தது. இந்த மனிதர் தனக்காகத்தான் அந்தத் தப்பை வாயால் சொன்னார், இரண்டு தடவை சொன்னார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாற்காலியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். "எந்தக் கம்பிய இழுக்குது?"

அவர் அவள் பக்கத்தில் குனிந்து, மிஞ்சியிருந்த ஒற்றைக் கண்ணின் முதல் கம்பியில் விரலை வைத்தார். எல்லாக் கம்பியையும் சொல்லி முடிக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.